கட்டடத்தைவிட மூத்த படம்

பாரீஸின் தெற்கு விளிம்பில் வான்வ் என்றொரு இடம். சனி, ஞாயிறு காலைகளில் அங்கே நடைபாதையில் பழைய பொருள் சந்தை கூடும். அலுவலக வேலையாக மூன்று மாதம் அந்த ஊரில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் நின்றேன். பழைய புகைப்படங்கள் விற்கும் பெரியவர் ஒருவர் ஷூ பெட்டிகளில் படங்களை இனம் பிரித்து அடுக்கியிருந்தார். குழந்தைகள் ஒரு பெட்டி, சிப்பாய்கள் ஒரு பெட்டி. அப்புறம் சைக்கிள்காரர்கள், நாய்கள், மணமக்கள். எல்லாப் பெட்டிக்கும் முன்னால் யாராவது குனிந்து நின்றார்கள். மேசைக்குக் கீழே தரையில் கிடந்த பெட்டிக்கு மட்டும் ஆளில்லை. அதன்மேல் ‘தேவாலயங்கள்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது.

“அதுல மனுசங்களே இல்லையே, யார் வாங்குவா?” என்கிற பொருளில் பெரியவர் ஏதோ சொன்னார். என் பிரெஞ்சுக்கு அவ்வளவுதான் எட்டியது. 12 யூரோ கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். கனமான அட்டையில் ஒட்டிய, தேன் நிறத்துக்கு மாறிப்போன படம். ரைம்ஸ் பேராலயத்தின் மேற்கு முகப்பு. கீழ் ஓரத்தில் ‘என்.டி. ஃபோட்டோ’ என்று பிரெஞ்சு எழுத்தில் பொறித்திருந்தது. நியூர்தாங் சகோதரர்கள் என்ற பெரிய நிறுவனம் சுற்றுலாப் பயணிகளுக்காக மூட்டை மூட்டையாக அச்சடித்து விற்ற சரக்கு அது. அபூர்வம் ஒன்றும் இல்லை. ஆனால் அறைக்கு வந்து லூப்பை வைத்துப் பார்க்க ஆரம்பித்தவன் மதியச் சாப்பாட்டை மறந்துபோனேன். நோய் பிடித்தது அன்றைக்குத்தான்.

இன்று என்னிடம் நாற்பது, ஐம்பது படங்கள் சேர்ந்திருக்கும். எல்லாம் ஐரோப்பியத் தேவாலயங்கள், பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள் எடுத்தவை. “நாம கும்பிடாத கோயிலுக்கு இவ்வளவு செலவா?” என்று என் மனைவி கேட்டதற்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ‘அழிந்துபோகும் அழகைப் பாதுகாக்கிறோம்’ என்பதுதான் சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஏல விவரப் பட்டியல்களில் தொடங்கி தடிமனான கண்காட்சிப் புத்தகங்கள் வரை இதையே படிக்கலாம். இந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியவர் ஆன்ரி லு செக் என்ற பிரெஞ்சுக்காரர். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியது.

லு செக்கை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், பெயர் தெரியாமல். பாரீஸ் நோத்ர்தாம் கோபுரத்தின் மேல் மாடத்தில், கைகளில் முகத்தைத் தாங்கி நாக்கை நீட்டியபடி நகரத்தைப் பார்க்கும் கல் பூதம் ஒன்று. அதன் அருகே உயரமான கறுப்புத் தொப்பி வைத்த ஒரு மனிதர். 1853-இல் சார்ல் நெக்ர் எடுத்த படம் இது. டீ-ஷர்ட், போஸ்டர், புத்தக அட்டை என்று எல்லா இடத்திலும் வந்துவிட்டது. அந்தத் தொப்பிக்காரர்தான் லு செக். நெக்ரும் அவரும் நண்பர்கள். ஓவியர் போல் தெலாரோஷின் பட்டறையில் ஒன்றாகப் பயின்றுவிட்டு இருவருமே கேமரா பக்கம் வந்தவர்கள்.

இந்தப் படத்தைப் பார்க்கும் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஓர் இடைக்காலப் பூதம், ஒரு நவீன மனிதன், நடுவில் அறுநூறு வருடம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பூதம் படம் எடுத்தபோது கிட்டத்தட்டப் புதுசு! 1840-களில் லாசுஸ், வியோலே-ல-துக் என்ற இரு கட்டடக் கலைஞர்களின் தலைமையில் நோத்ர்தாமின் திருப்பணி தொடங்கியது. அப்போது வியோலே-ல-துக்கின் மனசிலிருந்து வந்து உட்கார்ந்தவைதான் மாடத்தின் இந்தப் பூதங்கள். ஆக, படத்தில் இருக்கும் இருவரில் லு செக்தான் மூத்தவர். அவர் பிறந்தது 1818-இல்.

திருப்பணி என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். நமக்கு அந்தச் சொல் தரும் சங்கடம் தெரியும். சாண்ட் பிளாஸ்டிங் செய்து கல்வெட்டின் எழுத்தை மழுங்கடித்த கோயில்களையும், கருங்கல் தரைக்கு மேல் பளபளவென்று டைல்ஸ் போட்ட மண்டபங்களையும் பார்த்தவர்கள் நாம். வியோலே-ல-துக் அந்த ரகம் இல்லை. மாபெரும் படிப்பாளி, கல்லின் ஒவ்வொரு இணைப்பையும் வரைந்து பார்த்தவர். ஆனால் அவருடைய கொள்கை நம்மூர் ஸ்தபதிகளையே திடுக்கிட வைக்கும். ஒரு கட்டடத்தை மீட்பது என்றால் அதை முழுமையான நிலைக்குக் கொண்டுபோவது. அந்த முழுமை வரலாற்றில் எந்த ஒரு நாளும் நிஜமாக இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று தன் அகராதியிலேயே எழுதிவைத்தார். இதைக் கேட்டால் இங்கிலாந்தில் ரஸ்கினுக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்பணி என்பதே ஒரு கட்டடத்துக்கு நேரக்கூடிய மிக மோசமான அழிவு என்று 1849-லேயே எழுதியவர் அவர்.

இனி 1851-க்கு வருவோம். பிரெஞ்சு அரசின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் ஐந்து புகைப்படக்காரர்களை நாடு முழுக்க அனுப்புகிறது. பால்துஸ், பயார், லு கிரே, மெஸ்த்ரால், லு செக். எந்தெந்தக் கட்டடத்தை எடுக்க வேண்டும் என்று கையில் பட்டியல் கொடுத்தார்கள். ‘மிஷன் எலியோகிராஃபீக்’ என்று இன்று புகைப்பட வரலாற்றில் கொண்டாடப்படுவது இதுதான். எங்கெங்கே இடிந்திருக்கிறது, எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்க ஆணையத்துக்கு உதவுவது இந்தப் படங்களின் வேலை. என் தொழில் பாஷையில் சொன்னால், ரீஃபாக்டரிங் தொடங்கும் முன்னால் எடுத்துவைக்கும் பேக்கப். படங்கள் வந்துசேர்ந்தன. ஆணையம் வாங்கிக் கோப்பில் வைத்தது. புத்தகமாகவும் போடவில்லை, பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கவில்லை. எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் அரசு அலுவலகம் அரசு அலுவலகம்தான்.

அடுத்த சில பத்தாண்டுகளில் பட்டியலில் இருந்த கட்டடங்களில் பல மாறின. லு கிரேயும் மெஸ்த்ராலும் கர்க்கசோன் கோட்டை நகரத்தை எடுத்தபோது மதில்கள் மொட்டையாக நின்றன. இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் கூம்புக் கூரைகளெல்லாம் வியோலே-ல-துக்கின் திருப்பணி. நோத்ர்தாமின் நடுக்கூரையில் இருந்த பழைய ஊசிக்கோபுரத்தை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இறக்கிவிட்டார்கள். இப்போது எல்லோர் மனதிலும் நிற்கும் ஊசிக்கோபுரம் 1859-இல் அவர் எழுப்பியது. அதன் அடிவாரத்தில் நின்ற அப்போஸ்தலர் சிலைகளில் தோமாவுக்குத் தன் முகத்தையே கொடுத்தார். தோமா தலையைத் தூக்கி, தான் கட்டிய கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஆளை வெறுப்பதும் கஷ்டம்.

2019 ஏப்ரல் 15 அன்று அந்தக் கோபுரம் எரிந்து விழுந்ததை நாம் எல்லோரும் மொபைலில் பார்த்தோம். பிறகு எதைத் திரும்பக் கட்டுவது என்று பெரிய விவாதம். கடைசியில் 1859-இன் கற்பனையையே அச்சு அசலாக எழுப்பினார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் மறுபடி திறந்தது. ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ விளையாடியவர்களுக்கு இன்னொரு வேடிக்கை தெரிந்திருக்கும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடக்கும் அந்த கேமில், அறுபது எழுபது வருடம் கழித்து வரப்போகும் ஊசிக்கோபுரம் அப்போதே நிற்கும். அது இல்லாமல் நோத்ர்தாம் நோத்ர்தாம் போலவே இருக்காது இல்லையா?

நான் சொன்ன ஓட்டை இதுதான். பழைய தேவாலயப் படத்தைப் பாதுகாக்கிறவன் கட்டடத்தின் அழகைப் பாதுகாக்கவில்லை. படத்தில் இருக்கும் கட்டடம் வேறு, இன்று அங்கே நிற்கும் கட்டடம் வேறு. 1850-இன் ஒரு பிரிண்ட், தான் காட்டும் கட்டடத்தைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம். கல் நிலையானது, காகிதம் அழியக்கூடியது என்று நம்பித்தான் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிறோம். உள்ளே வந்து பத்து படம் வாங்கியதும் அந்த நம்பிக்கை தலைகீழாகிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் படமும் ஒரு வகையில் கூட்டாளி. எங்கே இடிந்திருக்கிறது என்று காட்டத்தான் அதை எடுத்தார்கள். காட்டியபிறகு அந்த இடிபாட்டை அகற்றினார்கள்.

ஐந்து பேரில் இதை உணர்ந்து படம் எடுத்தவர் யார் என்று கேட்டால் நான் லு செக்கைத்தான் சொல்வேன். விமர்சகர்கள் பொதுவாகப் பால்துஸைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். ஆர்ல் நகரில் உள்ள செயின்ட் த்ரோஃபீம் மடத்தின் உட்பிராகாரத்தை அவர் எடுத்த படம் அசாத்தியமானது. அத்தனை அகலமும் அத்தனை வெளிச்ச வித்தியாசமும் ஒரே நெகடிவில் விழாது. ஆகவே சுமார் பத்து காகித நெகடிவ்களை வெட்டி ஒட்டி, இடைவெளிகளைத் தூரிகையால் நிரப்பி ஒரே படமாக்கினார். ஃபோட்டோஷாப் வருவதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்னால்! நிழலிலும் விவரம், வெயிலிலும் விவரம், முதல் தூண் முதல் கடைசித் தூண் வரை கூர்மை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதை வருகிறது, மனசு ஒட்டவில்லை. எந்தக் கண்ணும் ஒரே பார்வையில் கண்டிராத பிராகாரம் அது. வியோலே-ல-துக் கல்லில் செய்ததைப் பால்துஸ் காகிதத்திலேயே செய்துவிட்டார்.

லு செக் அப்படி இல்லை. ரைம்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், ஷார்த்ர் எங்கே போனாலும் அவர் கிட்டே போகிறார். முழுக் கோபுரத்தையும் காட்ட அவருக்குப் பெரிய அவசரமில்லை. வாயிலின் ஒரு ஓரம், நான்கு சிலைகள், அவற்றின் பாதி உடம்பை விழுங்கும் நிழல். காகித நெகடிவில் நிழல் என்றால் நிஜமான இருட்டு, உள்ளே ஒன்றும் தெரியாது. அதை அவர் குறையாக நினைத்து ஒதுக்கவில்லை, அதைக்கொண்டுதான் படத்தையே கட்டுகிறார். சிலையின் மூக்கு உடைந்திருந்தால் அந்த உடைப்பின்மேல் வெயில் விழும் நேரம் வரை காத்திருந்திருப்பார்போல. காகிதத்தின் நாரும் கல்லின் சொரசொரப்பும் ஒன்றோடொன்று கலந்து, எது கல் எது காகிதம் என்று சொல்ல முடியாத ஒரு பரப்பு கிடைக்கிறது. 1850-களின் தொடக்கத்தில் பாரீஸில் வீடுகளையும் தெருக்களையும் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த இடிப்பையும் எடுத்தவர் இவர். ‘இது இப்படியே இருக்கப்போவதில்லை’ என்று தெரிந்த ஒருவனின் பார்வை அந்தப் பேராலயப் படங்களிலும் இருக்கிறது.

(அதே பத்தாண்டில், மெழுகு பூசிய காகித நெகடிவை வைத்துக்கொண்டு லின்னேயஸ் ட்ரைப் நம் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-இல் எடுத்தார். 21 நெகடிவ்களை ஒட்டி 19 அடி நீளச் சுருள்! அவரும் அரசாங்கம் அமர்த்திய ஆள்தான். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

ஆங்கிலேயர் ஃபிரெடெரிக் எவன்ஸைச் சொல்லாமல் விட்டால் இந்த வட்டாரத்தில் அடிக்க வருவார்கள். புத்தகக் கடை வைத்திருந்தவர், 1898-இல் கடையை விட்டுவிட்டு பேராலயங்களை எடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். வெல்ஸ் பேராலயத்தில் அவர் 1903-இல் எடுத்த ‘படிகளின் கடல்’ சேகரிப்பாளர்களின் கனவு. மிதித்து மிதித்துக் குழிந்த படிகள் அலைபோல எழும். பிளாட்டினம் காகிதத்தில் அச்சிட்டது, சாம்பல் நிறத்தின் அத்தனை படிநிலைகளும் அதில் உண்டு. முதல் உலகப் போரை ஒட்டி பிளாட்டினம் கிடைக்காமல் போனதும் படம் எடுப்பதையே விட்டுவிட்டார் மனிதர். அந்தப் பிடிவாதம் பிடிக்கும். ஆனாலும் எவன்ஸின் தேவாலயங்களில் எப்போதும் யாரோ மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருப்பதுபோல ஓர் உணர்வு. வெளிச்சம் கீழே இறங்குவதெல்லாம் அருள் இறங்குவதுபோல. எனக்கு லு செக்கின் அழுக்குதான் வேண்டும்.

சரி, லு செக்கின் பிரிண்ட் ஒன்றை வாங்கிவிட வேண்டியதுதானே? விலையை விடுங்கள், அது என் சம்பளத்துக்கு ஆகாது. விலைக்கு முன்னாலேயே ஒரு கேள்வி நிற்கிறது.

அந்தக் காலத்துப் பிரிண்ட் பெரும்பாலும் நெகடிவின் அளவில்தான் இருக்கும். நெகடிவைக் காகிதத்தின்மேல் நேரடியாக வைத்து வெயிலில் காட்டி எடுப்பது. ஆரம்பத்தில் உப்புப் பிரிண்ட்: உப்புக் கரைசலில் நனைத்த காகிதத்தில் வெள்ளி நைட்ரேட் தடவுவார்கள், பிம்பம் நாருக்குள்ளேயே இறங்கி நிற்கும், மேலே பளபளப்பு இருக்காது. 1850-இல் பிளாங்கார்-எவ்ரார் என்பவர் முட்டையின் வெள்ளைக்கருவைக் காகிதத்தில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அதுதான் அல்புமென் பிரிண்ட். லேசான மினுமினுப்பு, வருடங்கள் போனால் மஞ்சள், அட்டையில் ஒட்டாவிட்டால் சுருண்டுகொள்ளும் குணம். என் ரைம்ஸ் படம் இந்த ரகம். பத்து மடங்கு லூப்பில் பார்த்தால் முட்டைப் படலத்துக்கு அடியில் காகித நார் தெரியும். அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது புகைப்படமே இல்லை, அச்சகத்தில் அடித்தது. கடைக்காரரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்த வெள்ளிப் பிரிண்ட்கள் எல்லாம் சீக்கிரமே வெளிறின. ஹைப்போவைச் சரியாகக் கழுவாதது, காற்றில் இருக்கும் கந்தகம் என்று காரணங்கள். பிரச்சினை அவ்வளவு பெரிசாகி, 1855-இல் லண்டன் புகைப்படச் சங்கம் வெளிறலை ஆராயவே ஒரு குழு போட்டது. கல்லைக் காப்பாற்ற வந்த காகிதம் பத்து வருடம் தாங்காமல் மறைந்துகொண்டிருந்தது. லு செக் 1856 வாக்கில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் சுமார் 1870-இலிருந்து, தன் பழைய காகித நெகடிவ்களை எடுத்து மறுபடி பிரிண்ட் போட ஆரம்பித்தார். இந்த முறை வெள்ளி இல்லை, இரும்பு உப்பு. சயனோடைப். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த எளிய, மலிவான முறை. வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், பிம்பம் அடர்நீலத்தில் நிற்கும்.

பொறியியல் படித்தவர்களுக்கு அந்த நீலம் தெரியும். ப்ளூபிரிண்ட் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். எங்கள் துறைத் தலைவர் அறைச் சுவரில் பழைய இயந்திர வரைபடம் ஒன்று அந்த நிறத்தில் மாட்டியிருந்தது. ஆகவே லு செக்கின் நீலப் பேராலயத்தை முதலில் பார்த்தபோது எனக்கு வந்தது சிரிப்பு. இனிமேல்தான் கட்டப்போகிற ஒன்றின் வரைபடம்போல இருந்தது. யோசித்தால் அது அவ்வளவு தப்பும் இல்லை.

இங்கேதான் சந்தை திணறுகிறது. நெகடிவ் எடுத்த காலத்திலேயே, எடுத்தவரே போட்ட பிரிண்ட்தான் ‘வின்டேஜ்’, அதற்குத்தான் விலை. இருபது வருடம் கழித்துப் போட்டது இரண்டாம் தரம். ஆனால் இவை லு செக்கே தன் கையால் போட்டவை. முதல் பிரிண்ட்கள் அழிகின்றன என்ற பயத்தில் போட்டவை. அதற்குள் கட்டடங்களும் திருப்பணியில் மாறிக்கொண்டிருந்தன. எது மூலம்? 1852-இன் வெளிறிய உப்புப் பிரிண்டா, அடர்த்தி குறையாத நீலமா, பாரீஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் நெகடிவா, ஊரில் நிற்கும் கட்டடமா? இதற்கு ஏல நிறுவனங்கள் சொல்லும் பதில் விலைப்பட்டியல்தான். ‘வின்டேஜ்’ வெறி, திருப்பணி வெறியின் மறுபக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுமே காலத்தின் ஒரு நாளைப் பிடித்துவைத்து, இதுதான் உண்மையான நாள் என்று சாதிக்கின்றன. லு செக்கின் நீலப் படங்கள் அப்படி எதையும் சாதிக்கவில்லை. ‘போய்க்கொண்டிருக்கிறது, இன்னொரு காப்பி போட்டு வைக்கிறேன்’ என்பதோடு சரி.

ஒரு சயனோடைப் என்னிடமும் உண்டு. யாரோ ஒரு பொழுதுபோக்குக்காரர் எடுத்த ஏதோ கிராமத்துத் தேவாலயம், 20 யூரோ. அமிலம் இல்லாத, காரம் சேர்த்த விலை உயர்ந்த உறையில் போட்டு அலமாரியில் பத்திரமாக வைத்தேன். சென்னை ஈரக்காற்றில் இரண்டு மழைக்காலம் போனது. எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. மற்றப் படங்களுக்கு நல்லது செய்கிற காரம் சயனோடைப்புக்கு மட்டும் விஷம். படிக்காமல் பாதுகாத்ததன் பலன். வெளிச்சத்தில் மங்கிய நீலமாக இருந்தால் இருட்டில் வைத்தால் கொஞ்சம் திரும்பும். காரம் தின்றது திரும்பாது. நானும் ஒரு திருப்பணி செய்துவிட்டேன்.

படங்களை விட்டபிறகு லு செக் என்ன செய்தார்? இரும்பு சேர்த்தார். பூட்டு, சாவி, கதவுத் தட்டி, கடைப் பலகை, கிராதி. அதற்குப் பிறகு மகனும் அதையே தொடர்ந்தார். அந்தச் சேகரம் இன்று ரூவான் நகரத்தில் ஓர் அருங்காட்சியகம். அது இருக்கும் இடம் செயின்ட் லோரான், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய கோதிக் தேவாலயம். ப்ராஜெக்ட் முடியும் முன் ஒரு சனிக்கிழமை ரயில் பிடித்துப் போய்ப் பார்த்தேன். பீடம் இருந்திருக்க வேண்டிய பக்கம் திரும்பினால் இரும்பு, மேலே பார்த்தால் தொங்கும் இரும்பு. திறக்கவேண்டிய கதவுகள் போய்விட்ட சாவிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில். சேகரிப்பைப் பற்றி நான் பார்த்ததிலேயே மிக நேர்மையான காட்சி அதுதான்.

ரஸ்கினையும் இதில் சேர்க்க வேண்டும். திருப்பணியை அவ்வளவு வெறுத்தவர், 1845-இல் வெனிஸில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து டகேரோடைப்புகளை ஆசையாக வாங்கியிருக்கிறார். பின்னால் தானும் ஆள் வைத்து எடுத்தார். அவர் வைத்திருந்தவற்றில் 188 தகடுகள் அடங்கிய ஒரு பெட்டி 2006-இல் இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் ஒரு சின்ன ஏலத்துக்கு வந்தது. மதிப்பு 80 பவுண்ட் என்று போட்டிருந்தார்கள். யாருடையது என்று ஊகித்த ஒரு சேகரிப்பாளர் தம்பதி கடைசியில் 75,000 பவுண்டுக்கு எடுத்தார்கள். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து தரையில் கிடக்கும் எந்தப் பெட்டியையும் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.

மறுபடி என் 12 யூரோ ரைம்ஸ். 1914 செப்டம்பர் 19 அன்று ஜெர்மன் குண்டுகள் விழுந்து அந்தப் பேராலயம் எரிந்தது. வடக்குக் கோபுரத்தைச் சுற்றி மரச்சாரம் கட்டியிருந்தார்கள், எதற்கு? திருப்பணிக்கு. தீ பிடித்தது அதில்தான். முகப்பின் இடப்பக்க வாயிலில் நிற்கும் ‘சிரிக்கும் தேவதை’யின் தலை கீழே விழுந்து சிதறியது. துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பாரீஸ் அருங்காட்சியகத்தில் முன்பே எடுத்துவைத்திருந்த வார்ப்பின் உதவியால் தலையை ஒட்டி, 1926-இல் திரும்பப் பொருத்தினார்கள். கூரையை ஆன்ரி தெனூ என்பவர் ராக்ஃபெல்லர் பணத்தில் கான்கிரீட் துண்டுகளால் கோத்து எழுப்பினார், 1938-இல் பேராலயம் முழுமையாகத் திறந்தது. இன்று அந்தத் தேவதை சிரிக்கும் சிரிப்பு, வார்ப்பைப் பார்த்து ஒட்டிய சிரிப்பு.

என் அட்டையில் அந்தத் தலை ஒரு குண்டூசி முனை அளவுகூட இருக்காது. லூப்பை வைத்தால் வெளிச்சமான ஒரு புள்ளி, அதற்குக் கீழே ஒரு நிழல். சிரிப்பெல்லாம் தெரியாது. ஆனால் விழுவதற்கு முன்னால் இருந்த தலை அது. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் நோத்ர்தாமை லேசரால் ஸ்கேன் செய்து நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சேர்த்துவைத்தார். தீக்குப் பிறகு அது உதவியது. தொழில்முறையில் அதன்மேல் எனக்குப் பொறாமை உண்டு. எந்தக் கல் எங்கே இருந்தது என்று அது மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும். என் ஒரு புள்ளி அப்படி எதையும் சொல்லாது. ஏதோ ஒரு பகலில் அந்தத் தலையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வெள்ளியில் விழுந்தது என்பதற்கு மட்டும் சாட்சி.

மனைவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு. நான் படித்த பள்ளிக்கூட வளாகத்துக்குள் ஒரு பழைய தேவாலயம் இருந்தது. ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், மழை நாளில் வவ்வால் வாடை. வழிபாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, ஆனால் மதிய வெயிலில் அதன் வராந்தாவில்தான் டிபன் பாக்ஸைத் திறப்போம். நான் கல்லூரி முடித்த வருடம் அதை இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிசாகக் கட்டினார்கள். கூட்டம் கொள்ளவில்லை என்பது காரணம், நியாயமான காரணம்தான். இடிக்கும் முன்னால் யாரும் ஒரு படம் எடுக்கவில்லை. மேசைக்குக் கீழே கிடக்கும் பெட்டியாவது அந்த ஊர்த் தேவாலயங்களுக்கு இருந்தது.

என்னிடம் இருப்பது பத்தாம் வகுப்பு குரூப் ஃபோட்டோ. அதுவும் பள்ளி ஆண்டுமலரில் அச்சானது. லூப்பில் பார்த்தால் புள்ளிப் புள்ளியாகத்தான் தெரியும். மூன்று வரிசைத் தலைகளுக்குப் பின்னால் வாசல் வளைவின் பாதி இருக்கிறது. வளைவின் உச்சியில் சுண்ணாம்பில் செய்த ஏதோ ஒரு பூவேலை இருந்தது என்று ஞாபகம். புறாவா, சூரியனா? அந்த இடத்தில் சரியாக, எங்கள் வகுப்பிலேயே உயரமானவனின் தலை.

போன மாதம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் கேட்டேன். “டேய், பழைய சர்ச் படம் யார்கிட்டயாவது இருக்கா?” பதினேழு பேர் பதில் போட்டார்கள். பதினேழு பேரும் அதே குரூப் ஃபோட்டோவை அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து ஒருவன் மட்டும் தனியாக ஒரு படம் அனுப்பினான். அவன் சித்தியின் கல்யாணம், தேவாலய வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும். ஆல்பத்தில் பொருந்துவதற்காக மேல் பக்கத்தை வெட்டியிருந்தார்கள். வளைவு தொடங்கும் இடத்திலேயே படம் முடிந்துபோகிறது.

“ஸ்டுடியோக்காரர் நெகடிவையும் குடுத்திருந்தாரு மச்சான், சித்தி வீட்டுப் பரண்ல எங்கயாவது கிடக்கும். பொங்கலுக்குப் போறப்ப ஏறிப் பாக்குறேன்” என்றான்.